கோதுமையில்லா வனிலா கேக்: கடைக்காரர் அறிய வேண்டியது



இம்முறை பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் கேக் என்றதும் சிலர் சிரிக்கக்கூடும். மளிகைக் கடைக்காரனுக்குக் கேக்கோடு என்ன வேலை, அது வீட்டுப் பெண்களின் காரியமல்லவா, ரொட்டிக்கடைக்காரரின் காரியமல்லவா என்பார்கள். ஆனால் கோதுமை கலவாத கேக் என்று வந்துவிட்டால் அதன் முக்கால் பங்கு வேலை நம் கடையிலேயே முடிந்துவிடுகிறது. மாவு சுத்தமாக இருந்தால் மீதியை எந்த வீட்டிலும் செய்துகொள்வார்கள். மாவில் பிசகு இருந்தால் எப்பேர்ப்பட்ட கைப்பாகமும் அதைத் திருத்தமாட்டாது.

கோதுமை வேண்டாம் என்று கேட்டு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. உடம்பு மெலியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வருகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு நாம் என்ன கொடுத்தாலும் பெரிய கேடு வந்துவிடாது. சீனியும் வெண்ணெயும் போட்ட கேக்கைத் தின்று மெலிந்தவரை நான் இதுவரை பார்த்ததுமில்லை. மற்றொரு வகையினர் சீலியாக் என்னும் நோயுள்ளவர்கள். இந்தப் பாடம் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

கோதுமை, பார்லி, ரை என்னும் தானியங்களில் ஒரு வகைப் புரதப் பசை இருக்கிறது. அதற்குக் குளூட்டன் என்று பெயர். சீலியாக் உள்ளவர் அதைத் தின்றால் அவருடைய சிறுகுடலின் உட்புறம் புண்ணாகிப் போகிறது. தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. குழந்தையானால் வளர்ச்சி குன்றும், வயிற்றுப்போக்கு நிற்காது, இரத்தம் குறையும். இதைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயுள் முழுவதும் அந்தப் பசை வாயில் படாமல் இருப்பதே வழி. ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் டிக்கே என்பவர் 1930-களிலேயே கோதுமையின் மேல் ஐயங்கொண்டிருந்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அத்தேசத்தில் ரொட்டியே கிடைக்காமற்போக, ஊரெல்லாம் பட்டினி கிடந்த அந்த நாளில் இந்நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. 1950-இல் அவர் இதை ஆராய்ச்சி நூலாக எழுதிச் சமர்ப்பித்தார்.

இது வெள்ளைக்காரர் நோய், பஞ்சாபியர் நோய், அரிசிச் சோறு தின்னும் நமக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நம் மலேசியாவில் ஆரோக்கியமாக நடமாடும் இளவயதினர் 562 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 7 பேரிடம் இந்நோயின் அடையாளம் தென்பட்டது. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். உங்கள் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சந்தேகமுள்ளவர் வைத்தியரிடம் இரத்தம் சோதிக்கும் முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமற் போய்விடும். வாடிக்கைக்காரர் ஆலோசனை கேட்டால் முதலில் வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு விற்பனை பிறகு நடக்கட்டும்.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்துப் பெண்மணி என் கடைக்கு வந்தார். ஏழு வயதுப் பெண்குழந்தைக்கு இந்நோய். பள்ளிக்கூடத்தில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால், எல்லாரும் கேக் தின்னும்போது இந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். தன் பிறந்தநாளுக்காவது தானும் தின்கிற கேக் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அரிசி மாவு கேட்ட அந்த அம்மாள், நான் எடுக்குமுன், “நானா, இந்த மாவை எந்தக் கரண்டியால அள்ளுவீங்க? மைதா அள்ளுற கரண்டியா?” என்றார். ஆலையில் கட்டி வந்த பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வியை எத்தனை கடைக்காரர் கேட்டிருப்போம்?

கணக்கைப் பாருங்கள். உலக நாடுகளுக்குப் பொதுவான கோடெக்ஸ் உணவு விதியின்படி, குளூட்டன் இல்லாதது என்று ஒரு பண்டத்தைச் சொல்லவேண்டுமானால் அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அப்பசை இருக்கலாகாது. கோதுமை மாவில் பொதுவாக நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்கு அந்தப் பசை உண்டு. ஆகவே ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு விழுந்தாலே எல்லை முடிந்தது. கால் கிராம் என்பது இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு. கரண்டியின் முதுகில் ஒட்டியிருப்பது அதைவிட அதிகம். எங்கள் அம்பாங் பெச்சாவின் பெயருக்கே உடைந்த அணை என்று பொருள். 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபுவில் வெள்ளம் புகுந்து பல உயிர்கள் போயின. மாவுக்கடையில் அணை உடைவது கண்ணுக்குத் தெரியாது.

தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி நமக்கெல்லாம் மதரஸாவிலேயே சொல்லித்தரப்பட்டது. ஈரத்தையாவது கை விட்டுப் பார்த்து அறியலாம். வெள்ளை மாவில் கலந்த வெள்ளை மாவை எந்தக் கையும் அறியாது. அப்படியானால் கடைக்காரன் சொல்லை நம்பித்தான் வாங்கவேண்டியிருக்கிறது.

நிற்க. இனிச் சரக்குகளைப் பார்ப்போம்.

கோதுமை என்ற பெயரில் வருவதைத் தவிர்ப்பது சுலபம். மைதா, ஆட்டா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையே என்பது நமக்குத் தெரியும். ஆனால் ரவை வேறு ஏதோ தானியம் என்று நினைக்கும் வாடிக்கைக்காரர் இன்றும் உண்டு. ஒளிந்திருக்கும் கோதுமைதான் தொல்லை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். கிச்சாப்பில் கோதுமை உண்டு. மால்ட் சேர்ந்த பானப் பொடிகளில் பார்லி உண்டு. கேக்குக்கு வேண்டிய பேக்கிங் பவுடரிலும் சில கம்பெனியார் கோதுமைக் கஞ்சிப்பொடியை நிரப்புச் சரக்காகச் சேர்க்கிறார்கள். சோளமாவு சேர்த்ததாகப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். கேக்கின் மேல் தூவும் வண்ண மணிகளும் அப்படியே, டப்பாவைப் படிக்காமல் கொடுக்கலாகாது.

மாவுப் பொட்டலங்களில் மலாய்ப் பெயரைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். தெப்போங் காண்டூம் என்றால் கோதுமை மாவு. தெப்போங் பெராஸ் அரிசி மாவு, தெப்போங் ஜாகோங் சோளமாவு, தெப்போங் உபி காயு மரவள்ளி மாவு. இவை மூன்றும் நமக்கு வேண்டியவை. தெப்போங் பூலுட் என்பது ஒட்டரிசி மாவு. இதற்கு ஆங்கிலத்தில் குளூட்டினஸ் ரைஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே பசைபோல் ஒட்டுவது என்றுதான் அர்த்தம். அரிசியில் எந்த வகையிலும் குளூட்டன் கிடையாது. இதற்கு நேர்மாறாக, சீனர்கள் பளிங்கு போன்ற கொழுக்கட்டை செய்ய வாங்கும் வெள்ளைக் கஞ்சிப்பொடி ஒன்று உண்டு. பார்வைக்கு மரவள்ளி மாவு போலவே இருக்கும், ஆனால் அது கோதுமையிலிருந்து எடுத்தது. பெயரில் காண்டூம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் ஆகிய தானியங்கள் சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தில் சொல்லவேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் மூட்டையிலிருந்து அள்ளி விற்கும் சரக்குக்குப் பொட்டலமும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஆனபடியால் இந்நோயாளிக்கு அள்ளிய மாவு கொடுக்கவேண்டாம். ஆலையில் ஒட்டிய பொட்டலமே கொடுங்கள். அள்ளித்தான் விற்கவேண்டுமென்றால் அரிசி மாவுக்கென்று தனிக் கரண்டி, தனி மூடி, தனித் தராசுத் தட்டு வேண்டும். அடுக்கும்போது அரிசி மாவு மேல் தட்டிலும் மைதா கீழ்த் தட்டிலும் இருக்கட்டும். மாவு உதிர்வது கீழ்நோக்கித்தானே. கோதுமையும் மிளகாயும் அரிசியும் மாறி மாறி அரைக்கும் மாவு மில்லில் அரைத்த மாவும் இதற்கு உதவாது. தன் வீட்டிலேயே அரிசியை ஊறவைத்து அரைத்துக்கொள்வேன் என்று சொல்லும் வாடிக்கைக்காரருக்கு, கல் பொறுக்கிய நல்ல பச்சரிசி கொடுத்தால் போதும்.

அரிசிக்கு நமக்கென்ன பஞ்சம்? மேற்கே கடலோரம் போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரைக்கும் 1930-களில் சதுப்பைத் திருத்திக் கால்வாய் வெட்டிய வயல்கள். கோதுமையோ இந்நாட்டில் பயிராவதில்லை, முழுவதும் கப்பலில் வந்திறங்குவது. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் வட்டலப்பமும் தொதலும் கோதுமை இல்லாமலே ஆகின்றன. மலாய்க்காரர் வீட்டில் அபாம் பெராஸ், பிங்கா உபி. ஆகவே இது நமக்கு அந்நியமான வித்தையன்று. கேக் என்ற உருவம் மட்டுமே புதிது.

பரோட்டாவுக்கும் ரொட்டி சானாய்க்கும் மாவை வீசும்போது அது கிழியாமல் துணிபோல் விரிவது குளூட்டனால்தான். ஆகையால் கோதுமையில்லாப் பரோட்டா என்று யாராவது கேட்டால் கைகூப்பி அனுப்பிவிடலாம். கேக்கின் சங்கதி வேறு. கேக்குக்கு அந்த இழுவை வேண்டியதே இல்லை. இழுவை மிகுந்தால் கேக் கட்டையாகும் என்றுதான் ரொட்டிக்கடைக்காரர் பசை குறைந்த மாவைத் தேடி வாங்குகிறார், கலவையை அதிகம் அடிக்காதே என்று வேலையாளையும் அதட்டுகிறார். ஆக, கோதுமையை நீக்கினால் மிகக் குறைவாக நஷ்டப்படும் பலகாரம் கேக்தான். தாங்கிப் பிடிக்கும் வேலையை முட்டையும், வெந்து இறுகும் அரிசிக் கஞ்சியும் ஏற்றுக்கொள்கின்றன. அரிசிக் கலவையை எவ்வளவு அடித்தாலும் கட்டையாகாது என்பது ஒரு இலாபம்.

நஷ்டமும் உண்டு. அரிசி மாவை மட்டும் போட்டால் நாக்கில் மணல்போல் நறநறக்கும், வெட்டினால் உதிரும். அதற்குத்தான் மரவள்ளி மாவு. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களில் உயிரைக் காத்த கிழங்கு இது. அளவோடு சேர்த்தால் கேக்கை ஒட்டிவைக்கும், மிஞ்சினால் ரப்பராகிவிடும். சோளமாவு இலேசாக்கும். இவற்றை இணைக்க ஸாந்தன் கம் என்னும் பொடி அரைத் தேக்கரண்டி. சீனிச் சத்தில் நுண்ணுயிரை வளர்த்து எடுக்கும் பொடி இது, ஹலால் முத்திரை பார்த்து வாங்கவேண்டும். விலையும் அதிகம். அதற்குப் பதில், மலச்சிக்கலுக்கு நாம் விற்கும் இசப்கோல் உமியைப் பொடித்து ஒரு தேக்கரண்டி சேர்த்தாலும் ஒட்டும். இதைச் சொன்னால் வாடிக்கைக்காரருக்குப் பணம் மிச்சம்.

வனிலாவைப் பற்றி நம்மவர்க்குத் தனியே சொல்லவேண்டும். வனிலா என்பது மெக்சிகோ தேசத்துக் கொடி ஒன்றின் காய். 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் அதன் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகே மற்ற நாடுகளில் அது காய்த்துப் பலன் தந்தது. இன்றும் பூவொன்றுக்கு ஒரு கை வேலை செய்யவேண்டும், ஆகையால்தான் அந்த விலை. காயைச் சாராயச் சத்தில் ஊறவைத்து எடுப்பதே அசல் வனிலாச் சாறு. அமெரிக்கச் சட்டப்படி அதில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்கவேண்டும். நாம் மலிவாக விற்கும் எசன்ஸ் பெரும்பாலும் வனிலின் என்னும் வாசனைச் சத்தை இரசாயனமாகச் செய்து கரைத்தது. அதிலும் சில புட்டிகளில் ஆல்கஹால் உண்டு.

மலேசிய தேசிய பத்வா குழு 2011 ஜூலையில் இதற்குத் தீர்ப்புக் கூறியிருக்கிறது. வாசனை அல்லது நிறச் சரக்கைக் கெடாமல் நிலைநிறுத்துவதற்காகச் சேர்த்த ஆல்கஹால், மது தயாரிப்பின் வழியாக வந்ததாக இருக்கலாகாது. முடிந்த பண்டம் போதை தராததாகவும் அதில் ஆல்கஹால் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் ஆகும் என்பது அதன் சாரம். புட்டியைப் பார்த்து நாமே பத்வா கொடுக்க முயலவேண்டாம். ஜாக்கிம் ஹலால் முத்திரையுள்ள புட்டியையோ, ஆல்கஹால் சேராத வனிலாப் பொடியையோ வைத்து விற்பது மனத்துக்கு நிம்மதி. அரிசி மாவுக்கு ஒரு பச்சை வாடை உண்டு, ஆகவே கோதுமைக் கேக்குக்குப் போடுவதைவிட வனிலா சற்றுத் தூக்கலாக இருக்கவேண்டும். அதை வெண்ணெயோடு சேர்த்து அடித்தால் மணம் நிற்கும்.

இனிச் செய்முறை. எட்டங்குல வட்டத் தகரத்துக்கு அளவு சொல்கிறேன். குவளைக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளவேண்டும். நைசான அரிசி மாவு 140 கிராம். இடியாப்பத்துக்கு வறுத்த மாவு நீரை அதிகம் குடிக்கும், ஆகையால் வறுக்காத மாவே வேண்டும். மரவள்ளி மாவு 50 கிராம், சோளமாவு 30 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, மேலே சொன்ன ஸாந்தன் கம் அல்லது இசப்கோல். இவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலிக்கவேண்டும். சல்லடை புதிதாக இருப்பது நல்லது. மைதா சலித்த சல்லடைக் கண்ணில் ஒளிந்த மாவு எத்தனை கழுவினாலும் போகாது. மரக்கரண்டியும் அப்படித்தான்.

இளகிய வெண்ணெய் 115 கிராமையும் பொடிச் சீனி 190 கிராமையும் 2 தேக்கரண்டி வனிலாவோடு சேர்த்து வெளுத்துப் பொங்கும் வரை அடியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் விட்டால் மறுநாள் வரை கேக் வறளாது. முட்டை மூன்று, ஒவ்வொன்றாக. திரிந்தாற்போல் தெரிந்தால் ஒரு கரண்டி மாவைப் போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும். பிறகு மாவையும் 160 மில்லிலிட்டர் பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து ஒரு நிமிஷம் நன்றாக அடிக்கவேண்டும். கலவை தோசைமாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து நாடாபோல் இறங்கவேண்டும்.

இப்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். கலவையை மூடி அரைமணி நேரம் அப்படியே வைக்கவேண்டும். அரிசி மாவு மெதுவாகத்தான் ஈரத்தைக் குடிக்கும். குடிக்காமல் அடுப்பில் ஏறிய மாவுதான் நாக்கில் நறநறக்கிறது. கேக் மிருதுவாவதும் ஆகாததும் பெரும்பாலும் இந்த அரைமணியில் இருக்கிறது. பாலை வெதுவெதுப்பாக விட்டால் இன்னும் நல்லது.

தகரத்தில் எண்ணெய்க் காகிதம் விரிக்கவேண்டும். வெண்ணெய் தடவி மாவு தூவும் பழக்கமுள்ளவர்கள் கை தவறி மைதாவைத் தூவிவிடுவார்கள், பட்ட பாடெல்லாம் வீண். ஓவன் 170 டிகிரியில் முன்னரே சூடாகியிருக்க, 35 முதல் 40 நிமிஷம். நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும். வெந்தவுடன் கவிழ்த்தால் உடைந்துவிடும். சூட்டில் இதற்குப் பிடிமானம் குறைவு. கால்மணி நேரம் தகரத்திலேயே இருக்கட்டும்.

ஓவன் இல்லாத வீடுகளுக்கு ஆவி போதும். இட்லிப் பானையோ அகன்ற குண்டானோ, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தகரத்தை வைத்து, மூடியைத் துணியால் சுற்றி மூடவேண்டும். இல்லாவிட்டால் நீர் சொட்டி மேல்பக்கம் குழிகுழியாகும். 40 நிமிஷம் ஆகும். மேலே சிவக்காது, ஆனால் மிருதுவில் இது ஓவன் கேக்கைவிட ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம். அந்த அம்மாளும் ஆவியில்தான் வேகவைத்தார். பிள்ளை தானும் தின்று, வகுப்பிலும் கொடுத்ததாம்.

விற்பதற்கென்று செய்கிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. மைதாக் கேக்கும் சுடுகிற அடுப்படியிலிருந்து வரும் பண்டத்தின் மேல் குளூட்டன் இல்லை என்று எழுதலாகாது. அந்த 20 மில்லிகிராம் கணக்கைச் சோதித்துப் பார்த்தவர்தான் அப்படி எழுதலாம். கோதுமை சேர்க்காமல் செய்தது, இதே அடுப்படியில் கோதுமையும் புழங்குகிறது என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். நோயாளி படித்துவிட்டு வாங்காமல் போவார். மற்றவர் வாங்குவார்.

கேக்கை ஐஸ்பெட்டியில் வைக்கவேண்டாம். பழைய சோறு குளிரில் விறைப்பது போலவே அரிசிக் கேக்கும் விறைத்து உதிரும். நம் வெயிலுக்கு, மூடிய டப்பாவில் வெளியே ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி உறையும் அறையில் வைத்துக்கொண்டு, தேவையானபோது ஒரு துண்டை எடுத்து மூன்று நிமிஷம் ஆவியில் காட்டினால் அன்று சுட்டதுபோல் இளகிவிடும்.